மூன்று கோடியே பதினொரு லட்சத்துச் சொச்சம்

மார்ச் 6, திங்கள்

பேட்டரிக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. காரின் முன்பெட்டியில் சும்மா கிடந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஷைனி, "சார் தினமும் என்ன பேசுனாங்கன்னு குறிச்சு வைங்க ஆன்ட்டி, ஒரு வார்த்தைன்னாலும் சரி" என்றாள். அதற்காகத்தான் எழுதுகிறேன். வேறு எதுவும் எழுதப்போவதில்லை.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். பிப்ரவரியில் ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பிரஷ்ஷைத் தவறவிட்டார். எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. மூளையின் இடதுபக்கம் ரத்தக்குழாய் அடைத்துவிட்டதாம். இப்போது நடக்கிறார். வலது கைதான் சொன்னபடி கேட்கவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது, நான் செய்யும் கிண்டல் உட்பட. பேச்சு மட்டும் வரவில்லை. காலேஜில் இத்தனை வருஷம் கணக்கு நடத்திய மனிதர். வீட்டில் நான் ஐம்பது வார்த்தை பேசினால் ஐந்து வார்த்தை பதில் சொல்வார். அந்த ஐந்தும் போய்விட்டது.

கிளம்பும்போது நர்ஸ் கத்தரிக்கோலோடு வந்து, அவர் மணிக்கட்டில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டையை வெட்டப் போனாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். மறுபடி போனாள், மறுபடி இழுத்தார்.

"விட்டுரும்மா. வாட்ச் மாதிரி கிடந்துட்டுப் போவட்டும்" என்றேன்.

பட்டையில் S. இன்பராஜ், வயது 52 என்று போட்டிருந்தது. அதன் கீழே அவருடைய ஆஸ்பத்திரி நம்பர்: 31199281. காரில் வரும் வழியெல்லாம் அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தார். நான் இரண்டு சிக்னலில் ஆரஞ்சு விளக்கில் நுழைந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. எப்போதும் திட்டுவார்.

பேசியது: ஒன்றுமில்லை. நர்ஸிடமிருந்து கையை இழுத்தபோது 'ம்ஹும்' மாதிரி ஒன்று வந்தது. சேர்த்துக்கொள்ளலாமா என்று ஷைனியிடம் கேட்க வேண்டும்.

மார்ச் 9, வியாழன்

சேர்க்கக்கூடாதாம். ஆனால் இன்று அதைவிடப் பெரியது நடந்தது.

ஷைனி எதிரே உட்கார்ந்து, தம்ளரைக் காட்டி, "இது என்ன சார்?" என்றாள். அவர் வாய் என்னவெல்லாமோ செய்தது. நெற்றி வேர்த்துவிட்டது. வார்த்தை வரவில்லை. "சரி, அதை விடுங்க. என்கூட எண்ணுங்க. ஒண்ணு..." என்று தொடங்கி அவள் நிறுத்திக்கொண்டாள். இவர் பிடித்துக்கொண்டார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு..." கடகடவென்று பத்து வரை ஓடினார். எனக்குக் கையிலிருந்த கரண்டி விழுந்துவிட்டது.

பழகிப் பழகித் தானாக ஓடும் வரிசைகள் மூளையில் வேறு இடத்தில் இருக்குமாம். எண்ணுவது, ஜெபம், பாட்டு, கெட்ட வார்த்தை. கெட்ட வார்த்தையும் வருமா என்று கேட்டேன். "சிலருக்கு அதுதான் முதல்ல வரும் ஆன்ட்டி" என்றாள். இவருக்கு ஒன்றும் தெரியாதே, பாவம்.

சாயங்காலம் முழுவதும் இருவரும் பத்து வரை எண்ணிக்கொண்டேயிருந்தோம். மாடியில் துணி காயப்போடும்போதும் எண்ணினோம். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 12, ஞாயிறு

காலையிலிருந்து இடது கையின் இரண்டு விரலைக் காட்டிக்கொண்டேயிருக்கிறார்.

இரண்டு இட்லி வைத்தேன். தலையை ஆட்டினார். பாத்ரூமா என்றேன். கோபமாக ஆட்டினார். இரண்டாவது தலையணை, இரண்டாம் நம்பரில் ஃபேன், கோயிலில் இரண்டாம் ஆராதனை. எதுவும் இல்லை. மணிக்கட்டுப் பட்டையைத் தொட்டுத் தொட்டு இரண்டு விரலைக் காட்டுகிறார்.

"ரெண்டாவது தடவை ஆஸ்பத்திரிக்குப் போகணுமா அத்தான்?" என்று கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டார். நானாக இருந்தாலும் மூடியிருப்பேன்.

பேசியது: ஒன்று முதல் பத்து. அப்புறம் பரமண்டல ஜெபத்தில் பாதி.

மார்ச் 15, புதன்

இடது கையால் எழுதினார்! ஷைனி சிலேட்டும் சாக்பீஸும் கொண்டுவந்திருந்தாள். கோணல் மாணலாக, பெரிது பெரிதாக: 5585.

அடுத்து எழுதச் சொன்னால் மறுபடி 5585. அதற்கடுத்தும் அதுவே. கை ஒரே இடத்தில் சிக்கிக்கொள்ளுமாம், போகப் போகச் சரியாகுமாம்.

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவளுக்கு நாலு இலக்கம் என்றால் வேறு என்ன தோன்றும்? வண்டி நம்பர்தான். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் எல்லாரையும் விசாரித்தேன். 5585 என்று முடிகிற வாழைக்காய் லாரி ஒன்று ஜங்ஷன் பக்கம் ஓடுகிறதாம். வந்து சொன்னேன்: "அத்தான், லாரி டிரைவர் பேரு சுடலைமுத்து. உங்களுக்கு எப்படிப் பழக்கம்?"

சிரித்தார். முகத்தின் இடதுபாதி முழுசாகவும் வலதுபாதி கொஞ்சமாகவும். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. சுடலைமுத்து நன்றாக இருக்கட்டும்.

மார்ச் 17, வெள்ளி

இன்று 5584 எழுதினார். பக்கத்து வண்டி போலிருக்கிறது.

மார்ச் 21, செவ்வாய்

சிஸ்டர் எமரன்சியாவுக்கு வகுப்பு. கான்வென்ட் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர். வயது ஐம்பதை நெருங்குகிறது. மடத்து வேனுக்கு டிரைவர் கிடைப்பதில்லை என்று தானே கற்றுக்கொள்ள வந்திருக்கிறார். தைரியம் ரொம்ப அதிகம். கண்ணாடியைத்தான் பார்க்க மாட்டார்.

மைதானத்தில் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது பட்டையில் இருக்கும் நம்பரையும் இவர் எழுதும் 5585, 5584-ஐயும் சொன்னேன். சிஸ்டர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். பிறகு இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, "பியூலா! மூணு கோடியே பதினொரு லட்சத்துக்கு வர்க்கமூலம் கிட்டத்தட்ட அஞ்சாயிரத்து ஐநூத்துச் சொச்சம்தான!" என்று கத்தினார்.

"பிரேக் சிஸ்டர், பிரேக்!"

கம்பத்துக்கு ஒரு ஜாண் முன்னால் நின்றோம். என் போனை வாங்கிக் கணக்குப் போட்டார். 31199281-இன் வர்க்கமூலம் 5585 புள்ளி ஆறு.

"உங்க சார் அது பகா எண்ணான்னு பாக்காரு. வேற ஒண்ணும் இல்ல" என்றார். பகா எண் என்றால் ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாதது. வகுபடுமா என்று பார்க்க வர்க்கமூலம் வரைக்கும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அதற்குள் ஒன்றும் மாட்டவில்லையென்றால் அப்புறமும் மாட்டாது. அதுதான் 5585.

"அப்போ 5584?"

"கை தவறியிருக்கும்."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் சும்மா வகுத்துப் பார்த்தேன். இரண்டால் வகுத்தால் மீதி ஒன்று. மூன்றாலும் ஒன்று. நாலு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, எல்லாவற்றாலும் மீதி ஒன்று! பஸ் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரு ஆள் மட்டும் ஏறாமல் நிற்பதுபோல. இவரிடம் காட்டினேன். தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார். ஆனால் கண் மின்னியது. இருபது வருஷமாக இந்த வீட்டில் இவர் எண்களைப் பார்த்து மின்னுவதும் நான் அதைத் தாண்டி அடுப்படிக்குப் போவதுமாகத்தான் இருந்திருக்கிறோம்.

மார்ச் 24, வெள்ளி

சிஸ்டர் 5585 வரைக்கும் உள்ள பகா எண்களையெல்லாம் பள்ளிக் கம்ப்யூட்டரில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார். எழுநூறுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றாகப் போனில் வகுத்து டிக் போடுகிறேன்.

வண்டி சர்வீஸில் இருப்பதால் இந்த வாரம் வகுப்புகள் இல்லை.

இவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டுகிறார், இரண்டு விரலைக் காட்டுகிறார், 5585-ஐத் தட்டுகிறார். "தெரியும் அத்தான், அதுவரைக்கும் போகணும், அதான் போயிட்டிருக்கேன்" என்றேன். தலையில் கைவைத்துக்கொண்டார். அவசரப்படுகிறார்.

ஒரு நல்ல விஷயம். ஃபேனை எத்தனையில் வைக்க என்று கேட்டால் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி, மூன்றில் நிறுத்தி, விரலை உயர்த்துகிறார். நேராக 'மூணு' என்று வராது. படி ஏறித்தான் வர வேண்டும். ஏறி வந்துவிடுகிறார்.

மார்ச் 31, வெள்ளி

ஷைனி வந்தாள். "சர்வீஸுக்குப் போயிருக்குன்னீங்க, வண்டி வாசல்லயே நிக்கே ஆன்ட்டி?"

இப்போதுதான் வந்தது என்று சொன்னேன். கிளட்ச்சில் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது.

டிக் போட்டது: 877 வரை.

ஏப்ரல் 3, திங்கள்

காலேஜ் செயலர் போன் செய்தார். மருத்துவ விடுப்பு ஜூனோடு முடிகிறது, சார் திரும்ப வருவாரா, இல்லை மருத்துவக் காரணத்தில் ஓய்வுக்கு எழுதிக் கொடுக்கிறீர்களா என்று தன்மையாகத்தான் கேட்டார். "டெஃபனெட்லி ஹி வில் கம்" என்றேன். தமிழில் சொன்னால் எனக்கே சந்தேகமாக இருந்திருக்கும்.

அடுத்த அறையில் இவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு இது போதும்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மூன்று மணி ஆராதனைக்கு இவரையும் கூட்டிப்போனேன். பாடல் வந்ததும் இவரும் பாடினார்! வரி முழுக்க, ராகம் பிசகாமல். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டு முடிந்து எங்கள் சபைப் போதகர் ஐயர் கைகொடுத்து, "எப்படி இருக்கீங்க?" என்றபோது மறுபடி ஊமை. ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

வந்து கணக்கில் உட்கார்ந்தேன். 1297 முடிக்கும்போது பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. துடைத்துவிட்டு வந்து 1409 வரை போட்டேன்.

ஏப்ரல் 18, செவ்வாய்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

சாயங்காலம் கடைசி எண்ணுக்கும் டிக் போட்டேன். எதனாலும் வகுபடவில்லை. 31199281 பகா எண்! கேசரி கிளறினேன். சிஸ்டருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன். அவர் அங்கே கைதட்டினார், பின்னால் வேறு சிஸ்டர்களும் தட்டினார்கள். தட்டில் கேசரி வைத்து இவர் முன்னால் நின்று, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்குகிறவள் மாதிரி அறிவித்தேன்: "அத்தான், உங்க நம்பர் பகா எண். நானே கண்டுபிடிச்சேன். எதாலயும் உடைக்க முடியாது."

அவர் என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. பல்லும் நாக்கும் ஒன்றையொன்று தேடின. கழுத்து நரம்பு புடைத்தது. நான் தட்டைப் பிடித்தபடியே நின்றேன்.

"தப்பு" என்றார்.

சிஸ்டரின் குரல் போனில், "யாரு பேசினது? பியூலா, யாரு பேசினது?" என்றது.

"தப்பு" என்றார் மறுபடி. இந்தத் தடவை இன்னும் சத்தமாக, விரலால் என் தாளைத் தட்டி.

எண்ணி ஏறி வந்த வார்த்தை இல்லை. பாட்டில் மிதந்து வந்ததும் இல்லை. தானாக நினைத்து, தானாகத் தேடி எடுத்து, எனக்கென்று சொன்ன வார்த்தை. கல்யாணம் ஆனதிலிருந்து என்னைப் பார்த்து ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். ஒருதடவையும் இப்படி இனித்ததில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"தப்பு."

"நான் தப்பா?"

"தப்பு! தப்பு!"

கேசரியை வைத்துவிட்டு அவரைக் கட்டிக்கொண்டேன். சிஸ்டர் அங்கே ஜெபமாலை சொல்லத் தொடங்கிவிட்டார். நானும் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் சபையில் ஜெபமாலை கிடையாது, ஆனால் இந்த ஒரு நாளைக்கு எங்கள் ஐயர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

ஏப்ரல் 19, புதன்

நாள் முழுக்கத் தப்பு. காபியில் சர்க்கரை தப்பு. பேப்பர்க்காரர் போட்ட பேப்பர் தப்பு. நலம் விசாரிக்க வந்த என் அண்ணன் சொன்ன வைத்தியம் தப்பு. (அது உண்மையிலேயே தப்புதான்.) ஷைனி செல்பி எடுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 23, ஞாயிறு

திருப்பலி முடிந்ததும் சிஸ்டர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆட்டோவில்தான். "சார், எது தப்பு? எனக்குக் காட்டுங்க" என்று சிலேட்டை அவர் மடியில் வைத்தார்.

5585 எழுதினார். எப்போதும் அங்கேயே நின்றுவிடுகிற கை, இன்று மேலே ஒரு சின்ன 2 போட்டது. வர்க்கம். பிறகு கூட்டல் குறி. பிறகு நின்றது. சாக்பீஸ் அசைந்தது, எழுத்து வரவில்லை. நிமிர்ந்து எண்ணத் தொடங்கினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு... எட்டு." விரலை உயர்த்தினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." உயர்த்தினார்.

"எண்பத்து நாலு!" என்றேன். எழுதிக் காட்டினேன். அதற்கும் மேலே வர்க்கம் போட்டார்.

சிஸ்டர் கணக்குப் போட்டார். 5585-இன் வர்க்கம் 31192225. 84-இன் வர்க்கம் 7056. கூட்டினால் 31199281.

"அதே நம்பர்!" என்றார்.

இவர் சிலேட்டை வாங்கிக் கீழே எழுதினார்: 5584. வண்டி நம்பரும் இல்லை, கை தவறியதும் இல்லை. மறுபடி எண்ணிக்கொண்டு ஏறினார். ஒன்று. மூன்று. ஐந்து. 135. சிஸ்டர் எழுதுவதற்குள் நான் போனில் போட்டுவிட்டேன். 5584-இன் வர்க்கமும் 135-இன் வர்க்கமும் கூட்டினால் அதே 31199281.

இவர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

சிஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அய்யோ மாதாவே! ரெண்டு வழி! பியூலா, ஒரு பகா எண்ணை ரெண்டு வர்க்கத்தோட கூட்டலா எழுத முடிஞ்சாக்க ஒரே ஒரு வழியிலதான் முடியும். பதிமூணைப் பாரு, நாலும் ஒம்பதும், அவ்வளவுதான். அறுபத்தஞ்சுக்கு ரெண்டு வழி உண்டு: ஒண்ணும் அறுபத்து நாலும், பதினாறும் நாப்பத்தொம்பதும். ஏன்னா அது அஞ்சு பெருக்கல் பதிமூணு. ரெண்டு வழி கிடைச்சா அது உடையும்னு அர்த்தம். எதாலயும் வகுத்துப் பாக்காமலே சொல்லிரலாம்! இதை சார் ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்தே கண்டுபிடிச்சிட்டாரு!"

நான் அந்த இரண்டு விரலுக்கு இட்லி வைத்தேன்.

"எதால உடையும்?" என்றேன். அதற்கும் வழி உண்டாம். ஒற்றைப்படை இரண்டையும் கழிக்க வேண்டும்: 5585-இல் 135 போனால் 5450. இரட்டைப்படை இரண்டையும் கழிக்க வேண்டும்: 5584-இல் 84 போனால் 5500. இரண்டுக்கும் பொதுவான 50-ஐ அடித்துவிட்டால் மிஞ்சுவது 109, 110. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 23981. இவர் பட்டையைக் காட்டி, அதை இதால் வகு என்று சைகை செய்தார். வகுத்தேன். மீதி இல்லை. சரியாக 1301.

23981 பெருக்கல் 1301. இரண்டுமே பகா எண்கள் என்று சிஸ்டர் பட்டியலும் கணக்கும் பார்த்து உறுதி செய்தார்.

"அப்போ என் பட்டியல்ல 1301 இருந்திருக்கணுமே!" தாளைத் தேடி எடுத்தேன். 1297-க்கு டிக். 1303-க்கு டிக். நடுவில் 1301 மட்டும் மொட்டையாக நிற்கிறது. பால் பொங்கிய நேரம். இவர் தாளைப் பார்த்து, என்னைப் பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்தார். சிஸ்டரும் சிரித்தார். நான் தாளால் இருவரையும் அடித்தேன்.

1301-ஐ நான் தாண்டாமல் இருந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். இவர் 'தப்பு' என்று சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

ஏப்ரல் 27, வியாழன்

பட்டையை இவரே நீட்டினார். வெட்டி எடுத்தேன். வேலை முடிந்துவிட்டதே. மணிக்கட்டில் அந்த இடம் மட்டும் வெளுத்திருக்கிறது.

மே 4, வியாழன்

புது வார்த்தைகள்: காபி, வேண்டாம், பல்லி, பியூலா. இந்த வரிசையில்தான் வந்தன. பல்லிக்கு அப்புறம்தான் நான்.

மே 10, புதன்

காலையில் கார் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"போ" என்றார்.

"கிளட்ச் சரியில்ல அத்தான். இன்னும் ஒரு வாரம்..."

"தப்பு." வாசலைக் காட்டினார். நிறுத்தி, மூச்சு வாங்கி, ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வைத்தார். "கிளட்ச்... நல்லா... இருக்கு. நீ... பயம்."

காரில் ஆக்ஸிலரேட்டர் எது பிரேக் எது என்று தெரியாத மனிதருக்குக் கிளட்ச்சைப் பற்றி என்ன தெரியும்? சாவியை வாங்கிக்கொண்டு போனேன். நாலு பேருக்கு வகுப்பு எடுத்தேன். ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் வீட்டுக்குப் போன் செய்தேன். ஒவ்வொரு தடவையும், "இருக்கேன்" என்றார். நாலாவது தடவை குரலில் சலிப்பு இருந்தது. எனக்கு ரொம்ப நாளைக்கு அப்புறம் பசித்தது.

மே 23, செவ்வாய்

சிஸ்டர் லைசென்ஸ் டெஸ்டில் தேறிவிட்டார். இன்ஸ்பெக்டர், "கண்ணாடியைப் பாருங்க சிஸ்டர்" என்று இரண்டு தடவைதான் சொன்னாராம். எங்கள் மூவருக்கும் ஐஸ்கிரீம்.

ஜூன் 2, வெள்ளி

காலேஜுக்குப் போய்ச் செயலரையும் முதல்வரையும் பார்த்தோம். முதல்வர் நல்ல மனிதர்தான், ஆனால் இவர் வணக்கம் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் தன் மேசையில் இருந்த பேனாக்களையெல்லாம் அடுக்கிவிட்டார். "சார் எவ்வளவு பெரிய டீச்சர்னு எங்களுக்குத் தெரியும். ஆனா ஒரு மணி நேரம் பேசணுமே அம்மா, பிள்ளைங்க என்ன செய்வாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"இவங்ககிட்டயே கேளுங்க சார். காது நல்லா கேக்கு" என்றேன்.

முதல்வர் முகம் சிவந்து இவர் பக்கம் திரும்பினார். இவர் கொஞ்ச நேரம் தேடினார். "ஒரு... கிளாஸ். பாருங்க."

பதினைந்தாம் தேதி, இரண்டாம் வருஷ மாணவர்களுக்கு, ஒரே ஒரு வகுப்பு. செயலரும் முதல்வரும் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். சரியாக வந்தால் திரும்பலாம். வராவிட்டால் ஓய்வு.

வீட்டுக்கு வரும் வழியில் வண்டியைக் கொஞ்சம் வேகமாகத்தான் ஓட்டினேன். இவர் ஆரஞ்சு விளக்கைக் காட்டி, "நில்லு" என்றார்.

ஜூன் 14, புதன்

வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டாயிற்று. சாக்பீஸ் ஒரு பெட்டி. நன்றாகத் தூங்குகிறார். நான் ஏன் விழித்திருக்க வேண்டும் என்று தெரியவில்லை.

ஜூன் 15, வியாழன்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஜூலை முதல் இவருக்கு வாரத்துக்கு ஆறு வகுப்பு. கூட ஒரு இளம் ஆசிரியை இருப்பார். மற்றதை மெதுவாகக் கூட்டிக்கொள்ளலாம் என்று முதல்வரே சொன்னார்.

இனி நடந்தது.

நான் காரிலேயே இருப்பதாகத்தான் ஏற்பாடு. வெயிலில் காருக்குள் உட்கார முடியவில்லை, அதனால் வராந்தாவுக்குப் போனேன். அங்கே ஜன்னல் இருந்தது.

இடது கையால் பலகையில் எழுதினார்: 31199281. எழுத்து கோணல்தான். திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தார். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும். பின்வரிசையில் முதல்வர் குனிந்து தரையைப் பார்த்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்.

இவர் அவசரப்படவில்லை. பலகையைத் தட்டினார். "உடையுமா?" என்றார்.

ஒரே ஒரு வார்த்தை. வகுப்பே விழித்துக்கொண்டது. "ரெண்டால போகாது சார்!" "மூணாலயும் போகாது!" இவர் தலையாட்டினார். 5585 எழுதி, வர்க்கம் போட்டு, "கழி" என்றார். முன்வரிசைப் பெண் ஒருத்தி கழித்தாள். "7056, சார்." "அது?" "84-ஓட வர்க்கம்!" "இன்னொண்ணு." 5584 எழுதினார். அவர்களே கழித்தார்கள், அவர்களே கத்தினார்கள். "ரெண்டு வழி" என்று விரலைக் காட்டினார். "பகா எண்... ஒரு வழி. இது... ரெண்டு. அதனால?"

அந்தப் பெண் மெதுவாக, "அதனால இது பகா எண் இல்ல, சார். எதால உடையும்னு தெரியாமலே சொல்லிரலாம்" என்றாள்.

"ஆ" என்றார் இவர். எங்கள் கல்யாண போட்டோவில்கூட அந்த முகம் இல்லை.

மொத்த வகுப்பிலும் அவர் பேசியது ஒரு பக்கம்கூட வராது. மீதியைப் பிள்ளைகள் பேசினார்கள். உடைத்தும் காட்டினார்கள்.

மணியடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது, "மொபைல் நம்பர்... உங்க... நம்பர். உடைங்க" என்றார். அவ்வளவுதான். வகுப்பு சந்தையாகிவிட்டது. "சார், எனக்கு மூணால போகுது!" "எனக்குப் பதினொண்ணு!" "எங்க அப்பா நம்பர் உடையவே மாட்டேங்கு சார்!" ஒருவன் பெஞ்சு மேல் ஏறினான். பின்னால் செயலர் தன் போனை எடுத்து எதையோ வகுத்துக்கொண்டிருந்தார். தன்னுடைய நம்பராகத்தான் இருக்க வேண்டும். முதல்வர் எட்டிப் பார்த்து அவருக்கு விடை சொன்னார்.

அப்போது இவர் நிமிர்ந்தார். மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஏய், என்ன அங்க சத்தம்? எல்லாரும் உக்காருங்க! ஒருத்தர் ஒருத்தரா சொல்லுங்க, நான் எங்கயும் போகலை!"

திக்காமல், தேடாமல், ஒரே மூச்சில். பழைய இன்பராஜ் சார் குரலில். வகுப்பு அப்படியே அடங்கியது. செயலர் போனை மடியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். தான் என்ன சொன்னோம் என்று இவருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். சாக்பீஸைப் பிடித்தபடி நின்றார், முகத்தின் இரண்டு பக்கமும் சிரிக்க.

அந்தக் கட்டிடத்தில் ஒரு சத்தமும் இல்லை. வராந்தாவில் நான் ஒருத்திதான் கத்திக்கொண்டிருந்தேன்.